ஒற்றைக் காலில் நிற்பதை விடுங்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 29. ஊர் தர்மபுரி. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு இடது கண் இமை துடிக்க ஆரம்பித்தது. இப்போது கெண்டைக்கால், தொடை, தோள் என்று மாறி மாறித் துடிக்கிறது. சில நேரம் விரல் நுனி மதமதக்கிறது. இணையத்தில் தேடினால் ஏ.எல்.எஸ். (தசையை இயக்கும் நரம்புகள் அழியும் நோய்) என்று வருகிறது. காலில் பலம் இருக்கிறதா என்று தினமும் ஒற்றைக் காலில் நின்று பார்க்கிறேன். நரம்பியல் டாக்டர் பரிசோதித்து, தசையின் மின் செயல்பாட்டைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையும் எடுத்துவிட்டு, "டென்ஷன்தான்" என்றார். டென்ஷனில் தொடை துடிக்குமா, டாக்டர்?

பதில்: துடிக்கும், தம்பி. அந்த டாக்டர் சொன்னது சரி. காரணத்தையும் சொல்லியிருந்தால் உங்களுக்கு இத்தனை அலைச்சல் இருந்திருக்காது.

பயத்தில் அட்ரினலின் சுரக்கும்போது தசைக்குப் போகிற நரம்பு முனைகள் சின்னத் தூண்டலுக்கே துள்ளும். பயந்தவர் தன்னை அறியாமல் வேகமாக மூச்சு விடுவார். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால் நரம்பை அமைதியாக வைத்திருக்கும் கால்சியத்தின் அளவும் கொஞ்சம் இறங்கும். உங்கள் விரல் மதமதப்பு பெரும்பாலும் அதுதான். தூக்கக் குறைவும் காபியும் சேர்ந்தால் இன்னும் கூடும். அல்சூரில் என் கிளினிக்குக்கு இதே பயத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, தர்ஷினி ஓட்டலில் ஒரு நாளைக்கு எத்தனை காபி என்றுதான். மதியத்துக்கு மேல் வேண்டாம். குடித்த காபியில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

ஏ.எல்.எஸ்.ஸில் தசை பலம் இழக்கும், மெலியும். சட்டைப் பொத்தான் போட வராது, செருப்பு காலை விட்டு நழுவும், பாதம் தரையில் இழுபடும். பலம் குறையாமல், பரிசோதனையும் ஈ.எம்.ஜி.யும் சரியாக இருக்க, வெறும் துடிப்பு மட்டும் இடம் மாறி மாறி வருவது அந்த நோயின் போக்கே இல்லை.

எனக்குக் கவலை உங்கள் தொடையைப் பற்றி அல்ல, அந்த ஒற்றைக் கால் சோதனையைப் பற்றித்தான். நின்று பார்த்ததும் கொஞ்சம் நிம்மதி வரும், அரை மணியில் சந்தேகம் திரும்பும், மறுபடி நிற்பீர்கள். சோதித்துச் சோதித்துக் களைத்த தசை இன்னும் துடிக்கும். இணையத்தில் தேடுவதும் அப்படியே. இரண்டையும் இன்றே விடுங்கள். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக விடுங்கள்.

தைராய்டு, கால்சியம், மெக்னீசியம் பார்க்கவில்லை என்றால் ஒருமுறை பார்த்துவிடலாம். மேலே சொன்ன பலக்குறைவு எதுவும் நிஜமாகவே வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

பயம் வேலையையும் தூக்கத்தையும் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். அதற்கும் தயக்கமா? 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, நடு ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.