டல்லாஸ் காத்த ரகசியம்

கேள்வி: 2025 பிப்ரவரியில் நட்சத்திர வீரர் லூக்கா டொன்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பிய என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணியான டல்லாஸ் மேவரிக்ஸின் நிர்வாகம் கடைசி நிமிடம் வரை ஒரு வார்த்தைகூட வெளியே கசியவிடவில்லை. ஆண்டு முழுக்க டிரேடு (வீரர் பரிமாற்ற) வதந்தியில் அடிபடும் அணிகளோடு ஒப்பிட்டால் இதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதானே சொல்ல வேண்டும்? அதே ஆண்டு டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது; மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை) கூப்பர் ஃபிளாக்கும் கிடைத்துவிட்டார். பிறகு ஏன் அந்த நிர்வாகத்தை இன்னும் குறை சொல்கிறீர்கள்? வதந்திகளில் எதை நம்பலாம் என்றும் சொல்லுங்கள். (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கெட்டிக்காரத்தனம் இல்லை. அந்த ரகசியம்தான் டிரேடின் பெரிய ஓட்டையே.

டல்லாஸ் கொடுத்தது யாரை? ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து லீக் ஆண்டுதோறும் அறிவிக்கும் சிறந்த ஐவர் அணியில் இடம்பிடித்த, எட்டு மாதம் முன்புதான் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோன, 25 வயது வீரரை. வாங்கியது 31 வயது ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, லேக்கர்ஸின் 2029 முதல் சுற்று பிக் (அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை). அன்றைக்கு லேக்கர்ஸ் கையில் டிரேடு செய்யக்கூடிய முதல் சுற்று பிக் இரண்டு இருந்தன: 2029, 2031. லூக்காவுக்கு இரண்டையும் கேட்டு வாங்காத நிர்வாகத்தை எப்படிக் கெட்டிக்கார நிர்வாகம் என்பது? அதே வாரத்தில் லேக்கர்ஸ் அந்த 2031 பிக்கையும், 2030-இல் ஸ்வாப் உரிமையையும், டால்டன் நெக்டையும், கேம் ரெடிஷையும் சேர்த்து சார்லட் அணியின் சென்டர் (கூடையருகே ஆடும் உயரமான வீரர்) மார்க் வில்லியம்ஸுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. (ஸ்வாப் என்றால், இரண்டு அணிகளின் பிக்குகளில் மேலானதை எடுத்துக்கொள்ளும் உரிமை.) மருத்துவப் பரிசோதனையில் வில்லியம்ஸ் தேறவில்லை என்று அந்த டிரேடு ரத்தானது வேறு விஷயம். லூக்காவுக்குக் கேட்காமல் விட்ட பிக், சில நாளில் டேவிஸுக்கு மாற்றாகத் தேடிய ஒரு சென்டருக்குக் கேட்டதும் வெளியே வந்தது என்பதைக் கவனியுங்கள்.

காரணம் எளிது. பொது மேலாளர் நிகோ ஹாரிசன் பேசியது ஒரே அணியோடு. மற்ற 28 அணிகளில் யாரிடமும் விலை கேட்கவில்லை. செய்தி கசிந்தால் ரசிகர்கள் கொதிப்பார்கள், லூக்காவின் ஏஜென்ட் குறுக்கே நிற்பார் என்ற பயம் புரிகிறது. ஆனால் ஊருக்கே சொல்வது ஒன்று, நான்கு அணிகளைத் தொலைபேசியில் அழைப்பது வேறு. ஒரே ஒருவரிடம் விலை பேசுகிற விற்பனையாளருக்குச் சந்தை விலை தெரியவே தெரியாது.

இதற்கு நேரெதிராக நடந்துகொண்ட அணி போர்ட்லாந்து. 2023 ஜூலை முதல் தேதி டேமியன் லில்லர்ட் டிரேடு கேட்டார், மயாமிக்கு மட்டும்தான் போவேன் என்று அவர் தரப்பு சொன்னது. மயாமியைத் தவிர வேறு அணிக்குப் போனால் ஆடமாட்டார் என்கிற தொனியில் பேசினால் நடவடிக்கை வரும் என்று லீக்கே எல்லா அணிகளுக்கும் குறிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. கோடை முழுக்க வந்த வதந்திகளில் பத்துக்கு ஒன்பது மயாமியைப் பற்றியவை. பொது மேலாளர் ஜோ குரோனின் அசையவில்லை. செப்டம்பர் 27 அன்று லில்லர்ட் போனது மில்வாக்கிக்கு. போர்ட்லாந்துக்கு வந்தவர்கள் ஜ்ரூ ஹாலிடே, டிஆண்ட்ரே ஏய்ட்டன், டுமானி கமாரா. கூடவே மில்வாக்கியின் 2029 முதல் சுற்று பிக், 2028-இலும் 2030-இலும் ஸ்வாப். சில நாளில் ஹாலிடேயைப் பாஸ்டனுக்குக் கொடுத்து மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ், இன்னும் இரண்டு முதல் சுற்று பிக் வாங்கினார்கள். டிராஃப்டில் 52-ஆவதாகப் போன கமாரா 2025-இல் லீக் அறிவிக்கும் சிறந்த தற்காப்பு வீரர்களின் இரண்டாவது அணியில் இடம்பிடித்தார். வதந்தி மூன்று மாதம் கொளுந்துவிட்டு எரிந்தது. அதனால் போர்ட்லாந்துக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. வேறு அணிகள் நுழைய நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆகவே வதந்தி வருகிறதா இல்லையா என்பதை வைத்து நிர்வாகத்தை எடைபோடாதீர்கள். எடைபோட வேண்டியது, ஒரு நிர்வாகம் ஐந்தாண்டில் எடுத்த முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை. டல்லாஸ் தோற்றது இங்கேதான்.

2023 பிப்ரவரியில் கைரி அர்விங்குக்காகத் தங்கள் 2029 முதல் சுற்று பிக்கைக் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் கிராண்ட் வில்லியம்ஸுக்காக 2030 ஸ்வாப். 2024 பிப்ரவரியில் பி.ஜே. வாஷிங்டனுக்காக 2027 பிக். டேனியல் காஃபர்டை வாங்கப் பயன்பட்ட ஒரு பிக்குக்காக ஓக்லஹோமா சிட்டிக்கு 2028 ஸ்வாப். இவற்றை நான் குறை சொல்லமாட்டேன். லூக்கா இருக்கும்வரை அணி மோசமாகாது, அணி மோசமாகாதவரை அந்த பிக்குகள் 25-ஆவது இடத்தை ஒட்டித்தான் விழும். அவற்றைக் கொடுத்து இன்றைக்கே பலம் சேர்ப்பது நியாயம். வாஷிங்டனும் காஃபர்டும் வந்த நான்கு மாதத்தில் அணி இறுதிச் சுற்றில் ஆடியது. ஆனால் இத்தனை வருஷத்து பிக்குகளைக் கடன் வைத்தது லூக்கா என்ற ஒரே உத்தரவாதத்தின் பேரில். அந்த உத்தரவாதத்தையே விற்றபோது, முன்பு செய்த நான்கு நல்ல டிரேடுகளும் ஒரே ராத்திரியில் கெட்டவையாகின.

செய்யாமல் விட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 வரை ஜேலன் பிரன்சன் டல்லாஸில்தான் இருந்தார். விதி அனுமதித்த உச்சம் நான்காண்டுக்குச் சுமார் 5.55 கோடி டாலர். அந்த விலைக்கு அவரை நீட்டித்திருக்கலாம். காலம் கடத்தினார்கள். அந்தக் கோடையில் 10.4 கோடிக்கு நியூயார்க் நிக்ஸுக்குப் போனார், டல்லாஸுக்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை. இப்படிப்பட்ட தவறு எந்த வதந்திப் பட்டியலிலும் வராது, ஏனென்றால் அங்கே நடந்தது எதுவும் இல்லை.

பிக் கொடுப்பதிலும் பக்குவம் உண்டு. 2013-இல் புரூக்ளின், 30 வயதைத் தாண்டிய கெவின் கார்னெட்டுக்கும் பால் பியர்ஸுக்கும் 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகளையும் 2017 ஸ்வாப்பையும் எந்தப் பாதுகாப்பும் வைக்காமல் பாஸ்டனுக்குக் கொடுத்தது. மூன்றே ஆண்டில் அணி சரிந்தது. 2016 பிக் மூன்றாவது இடத்தில் விழுந்து ஜேலன் பிரவுன் ஆனது. 2017-இல் முதலிடமே கிடைத்தது. பாஸ்டன் அதை ஃபிலடெல்பியாவிடம் கொடுத்து, மூன்றாவது இடத்தையும் இன்னொரு பிக்கையும் வாங்கி ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024-இல் பாஸ்டன் சாம்பியன் ஆனது இந்த இருவரைக் கொண்டு. பாதுகாப்பு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிலடெல்பியாவே சாட்சி. 2020-இல் ஆல் ஹார்ஃபர்டைத் தள்ளிவிட ஓக்லஹோமா சிட்டிக்கு 2025 பிக்கைக் கொடுத்தபோது, முதல் ஆறு இடங்களுக்குள் விழுந்தால் தரமாட்டோம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். 2024-25-இல் அணி 24 வெற்றி, 58 தோல்வி என்று நொறுங்கியது. பிக் மூன்றாவது இடத்தில் விழுந்தது. அந்த ஒரு வரியால் வி.ஜே. எட்ஜ்கோம்ப் ஃபிலடெல்பியாவில் ஆடுகிறார்.

அடுத்தது சம்பளக் கணக்கு. லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு நிர்வாகங்களின் தரம் பிரிவது இங்கேதான். 2025-26-க்கு ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு (சில விதிவிலக்குகளோடு தாண்டலாம்) சுமார் 15.46 கோடி டாலர். இரண்டாம் ஏப்ரன் எனப்படும் மேல்கோடு சுமார் 20.78 கோடி. அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. அனுப்பிய சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகமாக வாங்க முடியாது. டிரேடில் ரொக்கம் தர முடியாது. ஏழாண்டு கழித்து வரும் முதல் சுற்று பிக் உறைந்துபோகும். ஃபீனிக்ஸ் இதற்குள் கண்ணைத் திறந்துகொண்டே நடந்தது. 2023 பிப்ரவரியில் புதிய உரிமையாளர் பொறுப்பேற்ற அதே வாரத்தில் கெவின் டுராண்டுக்காக மிக்கால் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்று பிக் போயின. ஜூனில், டிரேடுக்கு ‘வேண்டாம்’ சொல்லும் உரிமை கொண்ட பிராட்லி பீலையும் வாங்கினார்கள். அந்த உரிமையால் அவரை நகர்த்தவே முடியவில்லை. 2025 கோடையில் பணம் கொடுத்துத்தான் விடுவித்தார்கள். மூன்று கோடையில் மூன்று பயிற்சியாளர்கள் போனார்கள். அவர்களில் யாரையும் மாற்றியதால் சம்பளப் பட்டியல் மாறிவிடவில்லை.

பாஸ்டன் அதே 2025 கோடையில் ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் சொற்ப விலைக்கு விட்டபோது பலர் ஏமாளித்தனம் என்றார்கள். டேட்டமின் குதிகால் தசைநார் மே மாதம் அறுந்திருந்தது, அடுத்த பருவம் எப்படியும் கைக்கு எட்டாது. அந்த ஆண்டிலேயே கோட்டுக்குக் கீழே இறங்குவதுதான் சரி. நான் பாராட்டுகிற முடிவு அது.

எல்லாம் ஒருசேரப் பொருந்திய அணியைப் பார்க்க வேண்டுமானால் ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். 2019-இல் காவாய் லெனர்ட் கிளிப்பர்ஸுக்கு வரவேண்டுமானால் ஓக்லஹோமா சிட்டியில் இருந்த பால் ஜார்ஜும் வரவேண்டும் என்ற நெருக்கடி. ஓக்லஹோமா சிட்டி பொது மேலாளர் சாம் பிரெஸ்டி அந்த நெருக்கடிக்கு முழு விலை வாங்கினார்: ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர், டானிலோ கல்லினாரி, ஐந்து முதல் சுற்று பிக், இரண்டு ஸ்வாப். அதில் 2022 பிக் பன்னிரண்டாவது இடத்தில் விழுந்து ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. இடையே 22 வெற்றி, 24 வெற்றி என்று இரண்டு பருவம் அடிவாங்கியபோதும் உரிமையாளர் பொறுத்தார், பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட் மாறவில்லை. 2024-இல் ஜாஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கிய டிரேடு அளவில் சின்னது, ஒரு பிக்கும் கைமாறவில்லை. பந்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டிய ஒருவருக்குப் பதில் அது இல்லாமலே தற்காப்பில் ஆட்டத்தைத் திருப்பும் ஒருவர். 2025-இல் 68 வெற்றியோடு சாம்பியன்.

இனி வதந்தி. முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து கோடி டாலர் வாங்கும் நட்சத்திரத்துக்கு, இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே இருக்கும் அணி மூன்று கோடி வீரரையும் இரண்டு கோடி வீரரையும் சேர்த்துத் தருகிறது என்று படித்தால் அங்கேயே பக்கத்தைத் திருப்பலாம். விதி இடம் தராது. அடுத்தடுத்த இரண்டு வருஷத்துக்கு முதல் சுற்று பிக்கே இல்லாமல் ஓர் அணி தன்னை ஆக்கிக்கொள்ளவும் முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த தடை அது. கோடையில் ஒப்பந்தம் போட்ட பெரும்பாலோரை டிசம்பர் 15 வரையிலும், சிலரை ஜனவரி 15 வரையிலும் நகர்த்த முடியாது.

கணக்கு தேறினால், யார் வாயிலிருந்து வந்திருக்கும் என்று யோசியுங்கள். “பல அணிகள் கேட்கின்றன” என்பது பெரும்பாலும் விற்கும் அணி விலை ஏற்றுவது. “அவர்கள் கேட்கும் விலை அநியாயம்” என்பது வாங்க நினைக்கும் அணி. “வீரருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை” என்றால் ஏஜென்ட். “ஆர்வம் காட்டுகிறது” என்பதற்கு மதிப்பே இல்லை; நல்ல வீரர் மீது 29 அணிக்கும் ஆர்வம் இருக்கும். எந்த வருஷத்து பிக், என்ன பாதுகாப்பு, எந்த மூன்றாவது அணி என்கிற விவரம் செய்தியில் வரத் தொடங்கினால், பேச்சு காகிதத்துக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போதும் மருத்துவப் பரிசோதனை பாக்கி. மார்க் வில்லியம்ஸை மறக்காதீர்கள்.

ஃபிளாக் விஷயம். டல்லாஸுக்கு முதலிடம் விழ இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம். குலுக்கலில் விழுந்ததை நிர்வாகத்தின் வரவில் எழுத முடியாது; அணி உரிமையாளரும் எழுதவில்லை, 2025 நவம்பரில் ஹாரிசனை நீக்கினார். ஃபிளாக்கின் நான்காண்டு அறிமுக ஒப்பந்தம் 2029 கோடையில் முடிகிறது. அவரைச் சுற்றி அணி கட்ட வேண்டிய காலத்தில் டல்லாஸின் பிக்குகள் எங்கே போகின்றன என்று பாருங்கள். 2027 பிக், முதல் இரண்டு இடத்துக்குள் விழாவிட்டால், சார்லட்டுக்கு. 2028 ஸ்வாப் ஓக்லஹோமா சிட்டிக்கு. 2029 பிக் ஹூஸ்டனுக்கோ புரூக்ளினுக்கோ. 2030 ஸ்வாப் சான் அன்டோனியோவுக்கு. தன் சொந்த பிக்கில் யாருடைய பங்கும் இல்லாமல் டல்லாஸ் பயன்படுத்தக்கூடியது 2026-இல் ஒன்று, அதற்கடுத்தது 2031-இல்.