மகன் ஏன் குவைத் போகத் துடிக்கிறான்?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ. முடித்து, மதுரையில் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான். சோற்றுக்குக் குறையில்லை. ஆனாலும் குவைத் போயே தீருவேன் என்கிறான். ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார், நகையை அடகு வைக்க வேண்டுமாம். உள்ளூரில் வேலை இருந்தும் இந்தப் பிள்ளைகள் ஏன்தான் போகிறார்கள்?
- ஒரு தாய், மேலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பஞ்சம்தான் ஆளை நாடு கடத்தும் என்று நினைக்கிறோம். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மதுரைப் பக்கத்துச் சனங்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனது அப்படித்தான். இன்றைக்கோ பரம ஏழையால் போகவே முடியாது. பாஸ்போர்ட், டிக்கெட், ஏஜெண்ட் என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். கையில் ஒரு தொழில், அடகு வைக்கக் கொஞ்சம் நகை, அங்கே ஏற்கெனவே தெரிந்த ஒருவர் என்று மூன்றும் இருப்பவர்தான் கிளம்புகிறார். அதிலும் அந்தத் தெரிந்தவர்தான் பெரிய காரணம். முதலில் போன அத்தான் மச்சானைக் கூப்பிடுவார், மச்சான் பக்கத்து வீட்டுப் பையனை. உங்கள் ஊர் பெரியாறு பாசனத்தின் கடைமடை. தண்ணீர் வந்தால்தான் விவசாயம். பட்டறைக் கூலியிலோ தங்கை கல்யாணத்துக்கும் வீடு கட்டவும் மிச்சம் பிடிக்க முடிவதில்லை. உங்கள் மகன் போட்டிருக்கும் கணக்கில் தப்பில்லை.

எனக்குக் கவலை அந்த ஒன்றரை லட்சம்தான். அன்று தோட்டத்துக்குப் போனவர்களை, ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியின் முன்பணம்தான் திரும்ப விடாமல் கட்டிப்போட்டது. கடனோடு போகிறவர், சம்பளம் குறைந்தாலும் முதலாளி ஏமாற்றினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடப்பார். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜெண்ட், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதுவும் ரசீதோடு. பதிவு எண்ணை அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் மகனையே பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் விசா. கம்பெனி வேலைக்கு 18-ஆம் எண் விசா, வீட்டு வேலைக்கு 20-ஆம் எண், அதாவது காதிம் விசா. வெல்டரைக் காதிம் விசாவில் ஏற்றிவிட்டு, 'அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்பார்கள். நம்பாதீர்கள். விசிட் விசாவும் வேண்டாம்.

சம்பளம் எத்தனை தினார், தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு, ஓவர்டைமுக்கு என்ன தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கட்டும். ஏஜெண்ட் எழுதித் தரத் தயங்கினால் நகை பீரோவிலேயே இருக்கட்டும், மகன் வேறு ஏஜெண்டைப் பார்க்கட்டும். எல்லாம் சரியாக இருந்தால் தடுக்காதீர்கள், அனுப்பிவையுங்கள்.