விலக்கு நின்ன பிறகு கறை, ராத்திரிச் சூடு: ஹார்மோன் எடுக்கலாமா?

வணக்கமுங்க அக்கா. வயசு 51, விலக்கு நின்னு 14 மாசம், பனியன் கம்பெனியில அயர்ன் வேலை. ராத்திரி நாலு தடவை குபுகுபுன்னு சூடேறி, தலகாணி நனையற அளவுக்கு வேர்க்குது, போன வாரம் லேசா கறையும் பட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஹார்மோன் எடுத்தா புற்றுநோய் வருமான்னும் கேட்டிருக்கீங்க.

முதல்ல அந்தக் கறைங்க. 12 மாசம் முழுசா நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும், உடம்புச் சூடுன்னு விட்டுடாதீங்க. பெரும்பாலும் பிறப்புறுப்பு வறட்சிதான் காரணம். ஆனா கர்ப்பப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் முதல்ல தெரியும். உள்வழி ஸ்கேன்ல (பிறப்புறுப்பு வழியா பாக்கறது) கர்ப்பப்பையோட உள்படலம் 4 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. திருப்பூர் அரசு ஆஸ்பத்திரி மகளிர் பிரிவுக்கு இந்த வாரமே போயிருங்க. இது தெளியாம ஹார்மோன் தொடவே கூடாது.

தெளிஞ்சதுன்னா, 60 வயசுக்குள்ள, விலக்கு நின்னு 10 வருசத்துக்குள்ள இருக்கறவங்களுக்குச் சூட்டை அடக்க ஹார்மோன் மாதிரி வேற எதுவும் கேக்காது. கர்ப்பப்பை இருக்கறதால ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோனைத் தனியா எடுக்காதீங்க, உள்படலம் தடிச்சிரும். புரோஜெஸ்டிரான்ங்கற இன்னொரு ஹார்மோனும் கூடவே வேணும். இந்த ரெண்டையும் பல வருசம் எடுத்தா மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடுறது நெசம். தோல்ல தடவற ஜெல்லுல ரத்தம் உறையற ஆபத்து மாத்திரையை விடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், கால் ரத்தக்கட்டு, பக்கவாதம் ஏற்கெனவே வந்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. அப்படி வந்தவங்களுக்கு வென்லாஃபாக்சின், கபாபென்டின் மாதிரி ஹார்மோன் இல்லாத மருந்து இருக்குதுங்க.

யாராச்சும் "கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிரும்"னு சொன்னா நம்பாதீங்க. சூடு அதனால குறையாது.