காலர்போன் கூடுமுன் பைக்கில் ஏற வைத்த கடன்

கேள்வி: எனக்கு 28 வயது. அல்சூரில் அப்பா கட்டிய வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். பத்து வருடமாக மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் (மேடு பள்ளமான மண் தடத்தில் நடக்கும் பைக் ரேஸ்) ஓட்டுகிறேன். டீம் ஒப்பந்தத்தில் வருடம் 9 லட்சம். பரிசுப் பணம், சனி ஞாயிறு பயிற்சி வகுப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு இரண்டரை லட்சம் வரும். காலர்போன் மூன்று முறை உடைந்திருக்கிறது. போன சீசனில் பிளேட் வைத்த ஐந்தாவது வாரமே வண்டி ஏறினேன். ஓடாத ரவுண்டுக்கு டீம் சம்பளம் பிடிக்கும். இப்போதெல்லாம் ரேஸுக்கு இரண்டு நாள் முன்பே தூக்கம் போய்விடுகிறது, ஸ்டார்ட் கேட்டில் நிற்கும்போது வாந்தி வருகிறது. அமெரிக்க ரேஸர்கள் வில்லோபோட்டோ, டஞ்சி மாதிரி நானும் சீக்கிரமே விலகிவிடலாமா? எஃப்.டி. 9 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 5 லட்சம் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரரின் டிராவல்ஸுக்காக என் பெயரில் இரண்டு பர்சனல் லோன் ஓடுகிறது. இன்னும் 8 லட்சம் எடுத்துத் தரச் சொல்கிறார். நண்பர் ஒருவர், வருடம் ஒன்றரை லட்சம் கட்டினால் ஆயுசுக்கும் பணம் வரும் என்று ஒரு கியாரண்டி திட்டம் சொல்கிறார். சேரலாமா?
(பெயர் வேண்டாம், பெங்களூரு-8)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஐந்தாவது வாரம்தான். எலும்பு கூடவில்லை, ஆனாலும் வண்டி ஏறியிருக்கிறீர்கள். ஏன் என்று உங்கள் கணக்கே சொல்கிறது.

நீங்கள் அனுப்பிய லோன் விவரப்படி முதல் கடன் 10 லட்சம், 16% வட்டி, மாதத் தவணை 24,300. இரண்டாவது 5 லட்சம், 15%, தவணை 13,900. ஆக மாதம் 38,200. டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) போக டீமிலிருந்து கைக்கு வருவது 67,500. மாமா முதல் ஐந்து மாதம் கொடுத்ததோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 29,300-ல் வீட்டுச் செலவு, பிசியோ, பூட்ஸ், நீ பிரேஸ் எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் பரிசுப் பணத்தை நம்பித்தான் ஆக வேண்டும். ஒரு ரவுண்டைக்கூட விட முடியாத நிலை இப்படித்தான் வந்தது.

சோர்வை நான் சந்தேகிக்கவில்லை. ரையன் வில்லோபோட்டோ 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு அமெரிக்க சூப்பர்கிராஸ் பட்டம் வென்றவர். 2015-ல் உலக சாம்பியன்ஷிப்புக்குப் போய், இத்தாலியில் விழுந்து அடிபட்டு, 26 வயதில் விலகினார். ரையன் டஞ்சி 2017 மே மாதம் தொடர்ந்து மூன்றாவது பட்டத்தை வென்ற கையோடு 27 வயதில் நிறுத்தினார். ஜனவரி முதல் மே வரை 17 சுற்று, அது முடிந்ததும் வெயிலில் மோட்டோகிராஸ் சீசன். அந்த ஓட்டம் மனிதனைத் தேய்த்துவிடும். ஆனால் அவர்கள் நிறுத்தும்போது யாருடைய தவணையும் அவர்கள் தலையில் இல்லை. அவர்கள் வயதோடு உங்கள் வயதை ஒப்பிடுவது இருக்கட்டும், முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

முதல் கடனில் இன்னும் சுமார் 6.9 லட்சம், இரண்டாவதில் 4 லட்சம் பாக்கி. மொத்தம் 10.9 லட்சம். உங்களிடம் இருப்பது 14 லட்சம். அதாவது இன்றைக்கு நினைத்தாலும் இரண்டையும் அடைத்துவிட்டு, கையில் ஏறத்தாழ 3 லட்சத்தோடு வண்டியை விட்டு இறங்கலாம். மூன்றாவது கையெழுத்தைப் போட்டால் கடன் 18.9 லட்சம், தவணை 57,700. அப்புறம் முதுகெலும்பே வலித்தாலும் கேட்டில் போய் நிற்கத்தான் வேண்டும். அந்த 8 லட்சத்தின் அர்த்தம் இதுதான்.

சூப்பர்கிராஸ் லீக் வந்துவிட்டது, இனி பணத்துக்குக் குறைவிருக்காது என்று மாமா சொல்கிறாராம். 2024-ல் புனே, அகமதாபாத், பெங்களூரு என்று லீக் நடந்தது, நல்ல விஷயம். ஆனால் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தை நம்பி ஐந்து வருடக் கடன் எடுக்க முடியாது. ‘கடன் வேண்டாம், ஜாமீன் மட்டும் போடு’ என்று அடுத்து கேட்பார். கடனாளி கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் முழுசாகக் கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். அதுவும் வேண்டாம்.

அக்காவுக்குச் சங்கடம் வரும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. மாமா வழியாக இல்லாமல் அக்காவிடமே நேராகப் பேசுங்கள். காலர்போன் எக்ஸ்ரேயையும் தவணைத் தாளையும் கையில் கொண்டுபோங்கள். மனசு கேட்காவிட்டால் 50,000 ரூபாயை மொய் மாதிரி நினைத்துக் கொடுத்துவிடுங்கள், திரும்ப எதிர்பார்க்காமல்.

இந்த வாரமே எஃப்.டி.யை உடைத்து முதல் கடனை அடையுங்கள். 7% சம்பாதித்துக்கொண்டே 16% கட்டுவதில் என்ன லாபம்? முன்கூட்டி அடைக்க 4% கட்டணம் கேட்டாலும் ஜி.எஸ்.டி.யோடு 33,000 வரும். நீங்கள் கட்டவிருந்த வட்டி 1.8 லட்சம். எஃப்.டி.யில் மிஞ்சும் ஒன்றே முக்கால் லட்சத்தைத் தொடாதீர்கள். மிச்சமாகும் 24,300-ஐ மாதா மாதம் தனிக் கணக்கில் சேர்த்தால் ஒரு வருடத்துக்குள் இரண்டாவதையும் அடைக்கலாம். நடுவில் உடம்பு முடியாமல் போனால் ஃபண்டை விற்று அடைத்துவிடுங்கள், தயங்க வேண்டாம். இன்னொன்று: டீம் பிடிக்கும் வருட டி.டி.எஸ். 90,000. 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்கிறீர்களா? அதில் பெரும்பகுதி திரும்பி வரக்கூடும், ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

கியாரண்டி திட்டம் வேண்டவே வேண்டாம். மாதம் 12,500 என்றால் அது இன்னொரு தவணை. வருமானம் எப்போது நிற்கும் என்று தெரியாதவர் பத்து, பன்னிரண்டு வருடம் பிரீமியம் கட்ட ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆரம்ப வருடங்களில் நிறுத்தினால் கட்டியதில் ஒரு பகுதி போய்விடும்.

அதைவிட அவசரமானது உங்கள் ஹெல்த் பாலிசி. விலக்குப் பட்டியலைப் படியுங்கள். தொழில்முறையாக மோட்டார் ரேஸில் கலந்துகொண்டு அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடைக்காது என்று பெயர் சொல்லியே போட்டிருப்பார்கள். நம் ஊர் சி.எஸ்.சந்தோஷ் 2015-ல் டக்கார் ரேலியை (பாலைவனத்தில் பல நாள் நடக்கும் ரேஸ்) முடித்த முதல் இந்தியர். அவரே 2021 டக்காரில் விழுந்து கோமாவில் இருக்க நேர்ந்தது. டீமின் விபத்துக் காப்பீடு எவ்வளவு, ஊனத்துக்கு என்ன தொகை என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஓய்வு என்று கேட்டீர்கள். வீட்டுச் செலவு மாதம் 25,000 என்றாலும் அதன் 25 வருடத் தொகை 75 லட்சம். அது உங்களிடம் இல்லை. ஆகவே இது வேலை மாற்றம்தான், அதற்கு வழி இருக்கிறது. வாரக்கடைசி வகுப்பைப் பெரிதாக்குங்கள். பெங்களூரைச் சுற்றி டர்ட் பைக் கற்றுக்கொள்ள வருபவர்கள் இருக்கிறார்கள், பத்து வருட அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. தூக்கமின்மைக்கும் வாந்திக்கும் பணக் கணக்கில் மருந்து கிடையாது. நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்களுக்குத் தூரமில்லை, இந்த மாதமே போய்ப் பாருங்கள்.

அடுத்த ஒப்பந்தம் பேசும்போது, டாக்டர் சான்றிதழ் இருந்தால் ஓடாத ரவுண்டுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், தவணை இல்லாத நிலையில், அந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று நீங்களும் சொல்லலாம்.