வால்யூம் எவ்வளவு வைப்பது?

அன்புள்ள ஐயா,

புதிதாக ஓர் ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கியிருக்கிறேன். வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினால்தான் செட்டின் தரம் தெரியும் என்கிறார் நண்பர். அப்படி வைத்தால் வீட்டில் யாரும் பேச முடியவில்லை. குறைத்தால் மிருதங்கத்தின் தொப்பியே, அதாவது அடித்தொனி தரும் பக்கமே, கேட்பதில்லை. சரியான அளவு எது?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

திருகு எங்கே நிற்கிறது என்று பார்க்காதீர்கள். உள்ளே வரும் சிக்னலையும் ஸ்பீக்கரையும் பொறுத்து, அதே பாதித் திருகு ஒரு வீட்டில் மெல்லக் கேட்கும், இன்னொரு வீட்டில் காதைப் பிளக்கும். ஒரே பாட்டைச் சற்றுச் சத்தமாக வைத்தாலே அது தரமாக ஒலிப்பதுபோலத் தோன்றும். உங்கள் நண்பருக்குத் தெரிவது அந்தத் தோற்றம்தான்.

தொப்பி கேட்காமல் போவது செட்டின் கோளாறு அல்ல, நம் காதின் இயல்பு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் இதை அளந்து காட்டினார்கள். ஒலியைக் குறைக்கக் குறைக்க, அடித்தொனிகள்தான் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். பல ஆம்ப்ளிஃபையர்களில் 'லவுட்னஸ்' என்ற பொத்தான் இதற்காகவே இருக்கிறது. உங்களுடையதில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாஸை, அதாவது அடித்தொனியை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். பதிவை உள்ளபடியே கேட்க வேண்டும், பாஸைத் தொடவே கூடாது என்பவர்களை நான் ஏற்பதில்லை. குறைந்த ஒலியில் காதுதான் அந்தப் பதிவை மாற்றிவிடுகிறதே!

அளவுக்கு நான் நம்புவது குரலை. கண்ணை மூடினால் பாடகர் கூடத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பாடுவதுபோல இருக்க வேண்டும். வீணை என்றால் இன்னும் குறைக்க வேண்டும். மைக் இல்லாத வீணையைப் பக்கத்தில் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சன்னமான ஒலி என்று. சத்தம் கூடினால் மீட்டும் அடி பெரிதாகிவிடும், அதன்பின் இழையும் கமகத்தில், அந்தச் சுர அசைவில், மனம் நிற்காது. நாகஸ்வரம் நேர்மாறு. அது கோயில் வீதிக்கான வாத்தியம், அதன் அசல் அளவைக் கூடத்துக்குள் கொண்டுவர முயலவே வேண்டாம்.

அப்புறம், வால்யூமைக் கூட்டுவதற்கு முன் ஃபேனை ஒரு புள்ளி குறைத்துப் பாருங்கள். அந்த இரைச்சலோடு போட்டி போட்டே பலர் ஒலியை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைபேசிச் செயலி ஒன்றில் தோராயமாக அளக்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அளந்து பார்க்கவே தேவையில்லை, உடனே குறைத்துவிடுங்கள்.