துப்பறிவாளர் எதை இழக்கிறார்? நுவார் குறும்படம் எடுப்பவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் சேர்ந்து பத்து நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். பழைய ஹாலிவுட் நுவார் (நிழலும் இருட்டும் நிறைந்த குற்றக்கதைப் படம்) பாணியில் ஒரு தனியார் துப்பறிவாளரின் கதை. கறுப்பு வெள்ளை, தொப்பி, நீளக் கோட்டு, சிகரெட் புகை, ஜன்னல் நிழல் எல்லாம் வைத்து இரண்டு காட்சிகள் எடுத்துப் பார்த்தோம். மாறுவேடப் போட்டி மாதிரி இருக்கிறது. எங்கே தவறுகிறோம்? எங்களிடம் இருப்பது இரண்டே விளக்குகள்.

பதில்: இரண்டு விளக்குகள் போதும். அவற்றை எங்கே வைப்பது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் திரைக்கதையைக் கையில் எடுங்கள். இந்த வழக்கால் உங்கள் துப்பறிவாளருக்குச் சொந்தமாக என்ன நஷ்டம்? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்றால், எத்தனை நிழல் விழுந்தாலும் படம் ஒட்டாது. சாதாரணத் துப்பறியும் கதையில் துப்பறிபவர் வெளியே நின்று முடிச்சை அவிழ்ப்பார். நுவாரில் அவரும் அந்த முடிச்சுக்குள்ளேயே இருப்பார்.

பாடமாக ஒரே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1941இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’. ஜான் ஹியூஸ்டன் இயக்கிய முதல் படம். மூலக்கதை டேஷியல் ஹாம்மெட் 1930இல் வெளியிட்ட நாவல்; அவரே பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதே நாவலை வார்னர் நிறுவனம் அதற்கு முன்பே இரண்டு முறை படமாக்கியிருந்தது. இன்றுவரை நிலைத்திருப்பது இந்த மூன்றாவதுதான். இனி முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் சாம் ஸ்பேடும் (ஹம்ஃப்ரி போகார்ட்) மைல்ஸ் ஆர்ச்சரும் கூட்டாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார்கள். உதவி கேட்டு ஒரு பெண் வருகிறாள். அன்றிரவே ஆர்ச்சர் சுட்டுக் கொல்லப்படுகிறான். ஸ்பேடுக்கு அவனைப் பிடிக்காது. அவன் மனைவியோடு ரகசிய உறவும் உண்டு. அலுவலகக் கதவிலிருந்து ஆர்ச்சரின் பெயரை எடுக்கச் சொல்ல அவன் அதிக நேரம் காத்திருப்பதில்லை. ஆனாலும் கூட்டாளியைக் கொன்றவரை விட்டுவிடக் கூடாது என்ற ஒரு பிடிவாதம் அவனுக்குள் இருக்கிறது. கொன்றவள் அந்தப் பெண்தான், பிரிஜிட். அவளை அவன் நேசிக்கவும் தொடங்கிவிட்டான். கடைசியில் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, அவளைப் போலீஸிடம் ஒப்படைக்கிறான். அவள் லிஃப்டுக்குள் போகிறாள். கம்பிக் கதவு மூடுகிறது. முகத்தின் மேல் சிறைக்கம்பி போலக் கோடுகள். படத்தில் எனக்கு மிகப் பிடித்த நிழல் அதுதான். அந்த இடத்தில் அந்த நிழலுக்கு வேலை இருக்கிறது.

அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி, குற்றம் செய்தவர் தண்டனை பெற்றே ஆக வேண்டும். ஹியூஸ்டன் அந்தக் கட்டாயத்தையே நாயகனின் இழப்பாக மாற்றிவிட்டார். படத்தின் பெயரிலேயே இருக்கும், எல்லோரும் கொலைவெறியோடு தேடிய பருந்துச் சிலை ஈயத்தாலான போலி என்பது அதற்குப் பிறகு சின்ன ஏமாற்றமாகவே தோன்றுகிறது.

இன்னொரு காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அந்தச் சிலையைத் தேடும் வில்லன் கட்மனின் ஹோட்டல் அறையில் ஸ்பேட் கடுங்கோபத்தில் கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறுகிறான். தாழ்வாரத்தில் தன் கையைப் பார்க்கிறான். அது நடுங்குகிறது. சிரித்துக்கொள்கிறான். கோபம் பாதி நடிப்பு, பயம் உண்மை என்று வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகிறது. உங்கள் நடிகருக்கு இப்படி ஒரு தருணம் கொடுங்கள், தொப்பி தேவைப்படாது. கோட்டும் வேண்டாம் என்பேன். பனிமூட்டம் படியும் அந்தக் கடற்கரை நகரத்தில் அது அன்றாட உடுப்பு. உங்கள் கதை நடக்கும் ஊரில் மனிதர்கள் என்ன உடுத்துகிறார்களோ அதுவே சரி.

இப்போது ஒளிக்கு வருவோம். இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன். கவனித்தால், பெரும்பாலான அறைகள் நன்றாகவே வெளிச்சமாக இருக்கும். ஆர்ச்சர் கொல்லப்படும் காட்சியில்தான் இருட்டு கெட்டியாகிறது: சட்டகத்துக்குள் ஒரு துப்பாக்கி மட்டும் நுழைகிறது, ஆள் தெரிவதில்லை. இருட்டு மறைப்பது ஒரே ஒரு தகவலை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ‘இங்கே எதை மறைக்கிறேன்?’ என்று கேளுங்கள். மறைக்க ஒன்றும் இல்லையென்றால் விளக்கைத் தாராளமாகப் போடுங்கள்.

உங்கள் இரண்டு விளக்குகளில் ஒன்றை, ஒளியை மென்மையாக்கும் மென்திரை, குடை எதுவும் மாட்டாமல் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். நிறையக் குமிழ்கள் கொண்ட அகலமான எல்இடி பலகை இதற்கு ஆகாது, நிழல் கலங்கிவிடும். ஒரே புள்ளியிலிருந்து ஒளி வர வேண்டும். ஜன்னல் பட்டை நிழல் வேண்டுமானால், அட்டையில் நீள நீளமாக வெட்டி, விளக்கிலிருந்து தள்ளி, சுவருக்கோ நடிகருக்கோ அருகில் பிடியுங்கள். அப்போதுதான் கோடு கூர்மையாக விழும். இரண்டாவது விளக்கு நடிகரின் பின்னால், உயரத்தில். தலைமுடியும் தோளும் இருட்டிலிருந்து பிரிந்து தெரிய அது வேண்டும். மாநிறமோ கறுப்போ ஆன முகங்களுக்கு இது மிக முக்கியம்.

நம் வீடுகளில் பெரிய தொல்லை வெள்ளைச் சுவர். அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிழலையெல்லாம் கழுவிவிடும். கேமராவுக்குப் படாத பக்கங்களில் கறுப்புத் துணி கட்டுங்கள். கேமராவைத் தானியங்கியில் விடாதீர்கள். முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கு ஏற்ப ஒளி அளவை வைத்துவிட்டு, மறுபக்கம் என்ன ஆனாலும் தொடாதீர்கள்.

வசனத்தில் எல்லோரும் ஏதோ ஒரு பொய் சொல்லட்டும். பிரிஜிட் முதலில் வேறு பெயரில் வருகிறாள், அப்புறம் இன்னொரு பெயர், மூன்றாவதுதான் அசல். துப்பறிவாளருக்குத் தெரியாததைப் பார்வையாளருக்கும் காட்டாதீர்கள். ஹியூஸ்டன் ஏறக்குறைய எல்லாக் காட்சியிலும் ஸ்பேடை விட்டு நகர்வதில்லை.

தமிழில் ஒரு படம் கட்டாயம் பாருங்கள்: எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ (1954). பாட்டே கிடையாது. ஒரே கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். சிவாஜியின் பாத்திரம் நாயகனும் அல்ல, முழு வில்லனும் அல்ல. தொப்பிக்கும் கோட்டுக்கும் பதிலாக எதை வைக்கலாம் என்பதற்கு அதில் நிறைய விடை இருக்கிறது.

எடுத்த இரண்டு காட்சிகளையும் வீசிவிடாதீர்கள். ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்று புரிகிற ஷாட்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் திரும்ப எடுங்கள்.