சிலிக்கா பூசியதும் காந்தமாக்கம் குறைந்தது ஏன்?

10 நானோமீட்டர் விட்டமுள்ள மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகளுக்கு 5 நானோமீட்டர் தடிமனில் சிலிக்கா பூசியதும் செறிவுக் காந்தமாக்கம், அதாவது எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கம், கிராமுக்கு 60 இ.எம்.யு.விலிருந்து (இது காந்தமாக்கத்தின் அலகு) 17-க்கு விழுந்துவிட்டது என்கிறீர்கள். துகள் கெடவில்லை, நண்பரே. விட்டம் இரட்டிப்பானால் கனஅளவு எட்டு மடங்கு. அதில் ஏழு பங்கு காந்தமாகாத சிலிக்கா. அடர்த்தியை மேக்னடைட்டுக்கு 5.2, சிலிக்காவுக்கு 2 என்று வைத்தால் எடையில் மேக்னடைட் 27 சதவீதம்தான். கணக்குப்படி 16 வரவேண்டும். உங்கள் அளவீடு அருமையாகப் பொருந்துகிறது!

100 ஹெர்ட்ஸில் நீங்கள் அளந்த மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதன் அளவு) ஆயிரத்தைத் தாண்டுவதுதான் உறுத்துகிறது. சிலிக்காவுக்கு அது 4-க்குப் பக்கம். பூச்சின் நுண்துளைகளில் தங்கிய ஈரம்தான் அதை உயர்த்துகிறது என்றே நினைக்கிறேன். தூளை அழுத்திச் செய்த வில்லையை வெற்றிடத்தில் 120 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க உலர்த்தி, ஈரக்காற்று படாமல் மறுபடி அளந்து பாருங்கள். திறந்த காற்றில் சூடாக்க வேண்டாம். மேக்னடைட் ஆக்சிஜனேற்றமாகி மேகமைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாக மாறத் தொடங்கும்.